கிருபாபாயின் கார் ஷெட்

சித்தூரில் மிட்டூர் பக்கம் வந்து "மோட்டார் ஏசுரத்தினம் வீடு எது" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டக் கற்றேன், போர்வெல்லில் மோட்டார் இறக்கக் கற்றேன், இந்த ஊர்த் தண்ணீரில் பாதியை மேலே ஏற்றிக் கொடுத்தவன் நான்தான் என்று சொன்னால் அது பொய் ஆகாது. வீடு நான் கட்டியது. சபைக் கோயில் கிணற்றில் ஓடும் மோட்டாரும் நான் போட்டது. கை நீட்டி யாரிடமும் எதுவும் வாங்கியது கிடையாது.

இதையெல்லாம் சொல்லாமல் எனக்குப் பேச்சு ஆரம்பிக்காது. ஆனால் இப்போது எழுதுவது என்னைப் பற்றி இல்லை, என் மனைவி கிருபாபாயைப் பற்றி. என்னைப் பற்றி மட்டும் என்றால் தலை நிமிர்ந்து எழுதியிருப்பேன்.

கிருபாபாய் நகரியில் பிறந்தவள். அவள் அப்பா தறி ஓட்டியவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் மிஷன் போர்டிங்கில் வளர்ந்தாள், அங்கிருந்து நர்ஸ் படிப்புக்குப் போனாள், பிறகு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக வேலை செய்து தலை நரைத்து ஓய்வு பெற்றாள். பெண் பார்க்கப் போனபோது அவள் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நகத்தை எப்ப வெட்னீங்க?" நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தியேட்டர் சிஸ்டர் வேலை என்ன என்று பலருக்குத் தெரியாது. கத்தி பிடிப்பது டாக்டர். ஆனால் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் எல்லாக் கத்தரியும் எல்லாப் பஞ்சும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்வது சிஸ்டர். எண்ணிக்கை சரியில்லை என்று அவள் சொன்னால் எவ்வளவு பெரிய டாக்டரும் ஊசியைக் கீழே வைக்க வேண்டும். உள்ளே எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். வீட்டிலும் அப்படித்தான். குழம்பு கொதிக்கும்போது கரண்டி எத்தனை வெளியே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

எங்கள் மகன் பென்னி வேலை கிடைத்து கனடா போனபோது தன் பழைய காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். அதை ஒரு பட்டறையில் சர்வீசுக்கு விட்டோம். விடுவதற்கு முன்னால் கிருபா ஒரு வேலை செய்தாள். பேரப்பிள்ளை விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஆயில் பில்டரின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். வண்டி திரும்பி வந்தது. பட்டறைக்காரன் பில்லில் புது பில்டர் என்று போட்டிருந்தான். பானெட்டைத் திறந்தால் பொட்டு அப்படியே இருந்தது.

நான் சண்டைக்குக் கிளம்பினேன். அவள் தடுத்துவிட்டாள்.

"எதுக்குப் போயி கத்திக்கினு. இனிமே நானே பாத்துக்கறேன்."

"நீ இன்னாத்தப் பாப்ப?"

"மனுசன் வயித்தையே தொறந்து மூடறத பாத்தவ நான். இது இரும்பு. வலிக்குதுன்னு அழக்கூட அழாது."

அப்படித்தான் ஷெட் ஆரம்பமானது. வீட்டுக்குப் பக்கத்தில் நான் மோட்டார் சாமான் போட்டு வைத்திருந்த கொட்டகை அது. என் நாற்பது வருஷத் தேட்டம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். தரை மண்ணாக இருந்தது. மண்ணில் ஜாக்கி வைத்தால் ஒரு பக்கம் இறங்கும், வண்டி சாயும் என்று சொல்லி முதலில் சிமெண்டுத் தரை போட வைத்தாள். சுவருக்கு வெள்ளை அடித்தாள். வெளிச்சம் போதாது என்று வெள்ளை பல்புகள் மாட்டினாள். பெட்ரோல் இருக்கும் இடம் என்று வாசலில் மணல் வாளி வைத்தாள். பிறகு பினாயில் போட்டுக் கழுவினாள். சித்தூரிலேயே பினாயில் வாசம் வரும் கார் ஷெட் எங்களுடையதுதான்.

கருவிகள் வாங்கத் திருப்பதிக்குப் பஸ்ஸில் போனோம். அங்கே இஸ்மாயில் என்று ஒருவர், பழைய ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் வாங்கி விற்பவர். கிருபா ஒவ்வொரு ஸ்பேனரையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் வாய் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றை எடுப்பாள், இரண்டைத் தள்ளுவாள்.

இஸ்மாயில் என்னைப் பார்த்துத் தெலுங்கு கலந்த தமிழில், "ஏமண்ணா, அம்மா பொண்ணு பாக்க வந்தாப்ல பாக்கறாங்களே" என்றார்.

"பொண்ணுன்னா கொஞ்சம் கோணலா இருந்தாலும் கட்டிக்கலாம்" என்றாள் கிருபா. "ஸ்பேனரு கோணலா இருந்தா நட்டு போயிடும்."

அன்றைக்கு அவள் முதலில் வாங்கியது ஸ்பேனர் இல்லை, வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை என்று போனில் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தாள். தெலுங்கு வீடியோ, தமிழ் வீடியோ எல்லாம் பார்ப்பாள். ஒன்றை மூன்று முறை பார்த்த பிறகுதான் கை வைப்பாள். அப்படியும் முதல் தடவை ஆயில் மாற்றும்போது அளவுக்கு மேல் ஊற்றிவிட்டாள். வடித்து எடுத்து மறுபடியும் ஊற்றினாள். "மொத கேஸு" என்றாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்ட சலைன் ஸ்டாண்டு ஒன்று கொண்டுவந்து அதில் விளக்கு தொங்கவிட்டாள். பச்சைத் துணி விரித்த மேசை. கழற்றிய போல்ட்டுகளைப் போடச் சிறுநீரக வடிவத் தட்டு. வேலை முடிந்து பானெட்டை மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணுவாள். ஒன்று குறைந்தால் மூட மாட்டாள்.

இவ்வளவு எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அப்போது பெருமை இல்லை. வெட்கமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பென்னியின் பழைய பேண்டைப் போட்டு, மேலே நைட்டியைப் போட்டு, தலையில் தியேட்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, அறுபது வயதுக்கு மேல் ஆன என் மனைவி பலகை போட்டுக் காருக்கு அடியில் படுத்திருப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் சபை மூப்பர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே தெரிந்தன.

"மெக்கானிக் வச்சிருக்கியா, ஏசுரத்தினம்?"

"ஆமா. ஒரு பையன் வந்துட்டுப் போறான்" என்றேன்.

காலில் கொலுசு இருந்தது. அவர் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தோளில் கை போட்டு அவரை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "நான்தான் செய்யறேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். மோட்டார் ஏசுரத்தினம் காரையும் பார்க்கிறான் என்றால் யாருக்கு ஆச்சரியம். பொண்டாட்டி பார்க்கிறாள் என்று எப்படிச் சொல்வது. உண்மையில் அந்த ஷெட்டில் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும்போது சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பேன். "அழுத்துங்க" என்று கீழிருந்து சத்தம் வரும், அழுத்துவேன். "விடுங்க" என்றால் விடுவேன்.

அவளுக்கு நான் சொல்லித் திரிவது தெரியும். "சொல்லிக்கினு போங்க, பென்னி நைனா. வண்டி ஓடுனா சரி" என்றாள். மகன் பேரைச் சேர்த்து, அவன் அப்பா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்ததை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், கேக் எல்லாம் மேசை மேல் இருக்கும். ஒரு சேவலுக்கு ஆட்டு விலை கொடுப்பார்கள். கோயிலுக்குப் போகிற காசு என்பதால் யாரும் வருத்தப்படுவதில்லை. ஆனால் யார் என்ன கொடுத்தார்கள், எவ்வளவுக்குப் போனது என்பதை அடுத்த பண்டிகை வரை பேசுவார்கள்.

நான் தேங்காய்தான் கொண்டுபோயிருந்தேன். கரெண்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெபகுமார் ஒரு கிடா கொண்டுவந்திருந்தார். கிடாவைப் பிடித்து இழுத்து வந்தபோது ஜனம் எல்லாம் கை தட்டியது. என் தேங்காயை யாரோ சட்னிக்கு என்று சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"என் காணிக்கை இன்னொண்ணு இருக்குது" என்றேன். "ஒரு காருக்கு முழு பிரேக் வேலை. என் வீட்டு ஷெட்ல, என் கையால. யாரு கேக்கறீங்களோ கேளுங்க."

பிறகு ஏலம் ஆரம்பித்தது. கிடாவை விட மேலே போனது. நாலு பக்கமும் கை தூக்கினார்கள். கடைசியில் ஜெபகுமாரே எடுத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த ஊரில் என் கைக்கு இன்னும் இவ்வளவு மதிப்பா என்று நினைத்துக்கொண்டேன். பெண்கள் பக்கம் திரும்பினேன். கிருபா தன் தட்டில் இருந்த கேக்கைத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது சொன்னாள்:

"ஆண்டவருக்குன்னு சொல்லிட்டீங்க. செஞ்சுதான் ஆவணும். நான் செய்யறேன். யாராச்சும் என்கிட்ட நேரா கேட்டா மட்டும் பொய் சொல்ல மாட்டேன்."

"யாரு கேக்கப் போறாங்க" என்றேன்.

ஜெபகுமார் தன் நீலக் காரை ஒரு காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மதியம் வந்து பார்க்கிறேன் என்று போனார். கிருபா பின்சக்கரங்களைக் கழற்றினாள். சக்கரத்துக்குள்ளே ஒரு சின்ன பிரேக் சிலிண்டர் இருக்கிறது. அதில் விரல் நுனி அளவில் இரண்டு ரப்பர் கப்புகள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அந்தக் கப்புகளைத் தள்ளும், அவை பிரேக் ஷூவைத் தள்ளும், சக்கரம் நிற்கும். காலை எடுத்தால் எல்லாம் பழையபடி உள்ளே போகும். பழைய கப்புகளை எடுத்துப் போட்டுவிட்டு, புதியதைப் பச்சைத் துணியில் வரிசையாக வைத்திருந்தாள்.

அப்போது பென்னி போன் செய்தான். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல். கிருபா கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். "எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஜெபகுமார் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாண்ணே, ரெஸ்டா?"

"இல்ல இல்ல. இப்பத்தான் முக்கியமான வேலை" என்று எழுந்தேன்.

என் மோட்டார் கிரீஸ் டப்பா வெளியே கிடந்தது. நாற்பது வருஷம் நான் எந்த ரப்பர் வாஷரையும் கிரீஸ் தடவாமல் போட்டது கிடையாது. தண்ணீர் மோட்டாரில் அப்படிப் போட்டால்தான் வாஷர் பல வருஷம் நிற்கும். ஒரு விரல் கிரீஸ் எடுத்து அந்த ரப்பர் கப்புகளில் நன்றாகத் தடவினேன்.

"எதுக்குண்ணே கிரீஸு?"

"இது என் கைப்பக்குவம், ஜெபகுமாரு. எந்த ஷோரூம்லயும் சொல்லித் தர மாட்டான்."

கப்புகளை உள்ளே போட்டுத் தள்ளினேன். வழுவழு என்று போனது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினார். கிருபா திரும்பி வந்தபோது துணி காலியாக இருந்தது.

அவள் முகம் மாறியது. "யாரு போட்டது?"

"நான்தான். நீ போன்ல இருந்தியே, ஒத்தாசையா இருக்கட்டும்னு."

"எதுல தொட்டுப் போட்டீங்க? பிரேக் ஆயில் தவர வேற எதுவும் படக் கூடாது."

அப்போதே சொல்லியிருக்கலாம். கழற்றித் துடைத்து வேறு போட அரைமணி நேரம் போதும். ஆனால் "தொடாதீங்க" என்று அவள் சொன்னதைத் தொட்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்வதே போதும் என்றிருந்தது.

"பிரேக் ஆயில்லதான்" என்றேன். "எனக்குத் தெரியாதா."

தியேட்டரில் யார் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதவள் அவள். அன்றைக்கு என் சொல்லை எடுத்துக்கொண்டாள். மேலே ஷூவை மாட்டினாள், அதை மூடும் இரும்பு டிரம்மைப் போட்டாள், என்னைப் பெடல் மிதிக்க வைத்துக் காற்று எடுத்தாள், கருவிகளை எண்ணினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. தெருவில் ஓட்டிப் பார்த்தாள். வண்டி மிதித்த இடத்தில் நின்றது. ஜெபகுமார் மாலையில் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஜெபகுமார் மனைவி தனபாக்கியம் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். காரில் கிளம்பினார்கள். கூட சபையிலிருந்து இரண்டு பேர். கார்வேட்டிநகரத்துக்கு இந்தப் பக்கம் மாந்தோப்பு ஓரத்தில் வண்டி இழுக்க ஆரம்பித்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் போகவில்லை. கருகின வாசம், பிறகு பின்சக்கரத்திலிருந்து புகை. ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

நானும் கிருபாவும் எங்கள் காரில் போனோம். டீக்கடைக்காரர்கள், மாங்காய் லாரிக்காரர்கள் என்று கூட்டம் நின்றிருந்தது. தனபாக்கியம் கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். வலியில் உதடு வெளுத்திருந்தது.

கிருபா முதலில் காரைப் பார்க்கவில்லை. தன் துப்பட்டாவை மடித்துத் தூளி கட்டி அந்தக் கையைத் தொங்கவிட்டாள். பிறகுதான் சக்கரத்தின் பக்கம் போய்ப் புறங்கையை அருகில் வைத்துச் சூடு பார்த்தாள்.

"பிரேக்கு புடிச்சிக்கினு விட மாட்டேங்குது. வண்டி இங்கயே நிக்கட்டும். லாரில ஏத்திக்கினு போவலாம். நீங்க எங்க வண்டிய எடுத்துக்கினு புத்தூருக்குப் போங்க" என்று சாவியை நீட்டினாள்.

ஜெபகுமார் சாவியை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க செஞ்ச பிரேக்கு இது. இறக்கத்துல இப்படி ஆயிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. லாரிக்காரன் ஒருவன் தெலுங்கில் ஏதோ சொல்ல இன்னொருவன் சிரித்தான். மோட்டார் ஏசுரத்தினம் செய்த வேலை நடுரோட்டில் புகைந்து நிற்கிறது என்று நாளைக்கு ஊர் பேசும். அரை நொடிக்கு அந்தக் கிரீஸ் டப்பா மனசில் வந்தது. தள்ளிவிட்டேன்.

"நான் எங்க செஞ்சேன்" என்றேன். "இவதான் செஞ்சா. ஆசைப்படறாளேன்னு விட்டேன். பொம்பள கைல குடுத்தது என் தப்பு."

கிருபா குனிந்து கருவிப் பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தாள். கை ஒரு தடவை நின்றது. பிறகு மூடி முடித்தாள். எழுந்து சாவியை ஜெபகுமார் கையில் வைத்தாள்.

"போங்க. வீக்கம் ஏறுறதுக்குள்ள கட்டுப் போடணும்."

மறுநாள் காலை ஷெட்டில் அந்த நீலக் கார் ஸ்டாண்டின் மேல் நின்றது. ஜெபகுமாரை வரச் சொல்லி அவர் எதிரில்தான் திறப்பேன் என்று கிருபா சொல்லிவிட்டாள். அவர் வந்து நின்றார். நான் வாசலில் நின்றேன். டிரம் வெளியே வர மறுத்தது, தட்டித் தட்டி எடுத்தாள். சிலிண்டரைக் கழற்றி உள்ளேயிருந்து ரப்பர் கப்பை இடுக்கியால் இழுத்தாள்.

அது வீங்கியிருந்தது. ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்திருந்தது. மேலே பழுப்பு நிறக் கிரீஸ். அவள் அதை விரலில் எடுத்து முகர்ந்தாள்.

அந்த வாசம் அவளுக்குத் தெரியாதா. நாற்பது வருஷம் என் சட்டையில் துவைத்த வாசம்.

ஜெபகுமார் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அந்தக் கிரீஸைத் தடவியபோது பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தார். ஒரே ஒரு வார்த்தைதான். எனக்கா வார்த்தைக்குப் பஞ்சம். அன்றைக்கு வரவில்லை.

கடைசியில் கிருபாதான் பேசினாள்.

"தப்பு இந்த ஷெட்ல நடந்தது. ஷெட்டு என்னுது. நான்தான் பதில் சொல்லணும். நாலு சக்கரமும் தொறந்து, பிரேக் ஆயில் முழுக்க வடிச்சிட்டு, ரப்பர் எல்லாம் புதுசு போட்டுத் தரேன். மன்னிச்சிக்கங்க."

"அக்கா, நீங்க எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அவரை கேட் வரை கொண்டுபோய் விட்டேன். அங்கே நின்று மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, ஏலத்துல அவ்ளோ பேரு கை தூக்குனாங்களே, எதுக்குன்னு நெனைச்சீங்க? அக்கா வேலை செய்யறது மிட்டூர் முழுக்கத் தெரியும். பில்டர்ல பொட்டு வச்சது வரைக்கும் தெரியும். நாங்க கேட்டது அக்கா கைக்குத்தான். நீங்க உங்க பேரைச் சொன்னப்ப, பரவால்ல, வயசுல பெரியவரு, சொல்லிக்கட்டும்னு விட்டோம்."

அவர் போய்விட்டார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் என்னை யாரும் அடித்தது இல்லை. அடித்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இத்தனை நாள் சொன்ன பொய்யை ஒருவர்கூட நம்பவில்லை. மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள்.

கிருபா சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்தாள். பெடல் மிதிக்க என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு கங்கம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கார் போனதும் ஸ்பேனர்களைத் துடைத்து எண்ணெய் பூசி மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"இஸ்மாயில் பாய், எல்லாத்தயும் திருப்பி எடுத்துக்கினு போங்க. திங்கக்கெழம வண்டி கொண்டாங்க."

நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"எதுக்கு கிருபா?"

"என் தியேட்டர்ல எனக்குத் தெரியாம ஒருத்தர் கை வச்சிருக்காங்க. நான் கேட்டேன், பொய் சொன்னாங்க, நம்பிட்டேன். ஒடைஞ்ச கையோட தனபாக்கியம் ரோட்ல உக்காந்ததோட போச்சு. இறக்கத்துல போயிருந்தா? பொய் சொல்றவங்கள வச்சிக்கினு நான் வேலை செய்ய முடியாது."

"கிரீஸ் தடவுனது நான்தான்" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாதத சொல்லுங்க. நீங்க ரோட்டுல நின்னு அவ்ளோ பேரு முன்னால சொன்னீங்க. இங்க வந்து காதுல சொல்றீங்க."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிப்பு நேரம் வந்தது. சங்கக் கூட்டம், பொருத்தனைக் காணிக்கை, கல்யாண ஓலை எல்லாம் வாசித்து முடித்தார்கள். "வேற அறிவிப்பு உண்டா?" என்று செக்ரட்டரி கேட்டார். கையைத் தூக்கினேன். என் கை இவ்வளவு கனமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மைக் வேண்டாம் என்றேன். என் குரலுக்கு மைக் எப்போதும் தேவைப்பட்டது இல்லை. அன்றைக்குத் தேவைப்பட்டிருக்கும்.

"ஜெபகுமாரு கார் பிரேக்கு கெட்டுப்போனது என்னால. நான்தான் கிரீஸ் தடவுனேன். கிருபா கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். ரோட்ல அவ மேல போட்டேன். அவ வேலை சுத்தமான வேலை. அந்த ஷெட்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. இதுக்கு முன்னால நான் செஞ்சேன்னு சொன்னது எதுவும் நான் செஞ்சது இல்ல."

உட்கார்ந்தேன். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், முணுமுணுப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் திரும்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் இருமினார். போதகர் கீர்த்தனை எண்ணைச் சொன்னார். பெண்கள் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்தபோது கட்டுப் போட்ட கையோடு தனபாக்கியம் கிருபாவிடம் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஷெட்ட மூடப் போறீங்களாமே, அக்கா? அப்ப எங்க வண்டிய யார்கிட்ட விடறது?"

"பாக்கலாம்" என்றாள் கிருபா. வீடு வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

திங்கட்கிழமை காலை இஸ்மாயில் சின்ன லாரியோடு வந்து கேட்டில் நின்றார். மூட்டைகள் ஷெட்டு வாசலில் வரிசையாக இருந்தன. கிருபா உள்ளே இருந்தாள்.

"ஏமண்ணா, ஏத்திடவா?" என்றார் இஸ்மாயில்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. என் வீடு, நான் கட்டின ஷெட், நான் போட்ட சிமெண்டு. இத்தனை வருஷமாக எதற்கும் நான் சொன்னதுதான் கடைசி வார்த்தை.

"எனக்குத் தெரியாது பாய்" என்றேன். "அது அவங்களோடது. அவங்களக் கேளுங்க."

இஸ்மாயில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஷெட்டை நோக்கி, "அம்மா, ஏத்திடவா?" என்று குரல் கொடுத்தார்.

பிறகு கிருபா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஏத்த வேணாம், பாய். இவ்ளோ தூரம் வந்ததுக்குக் காபி குடிச்சிட்டுப் போங்க. பிரேக் ஆயில் டப்பா சின்னது கெடைக்குமா உங்ககிட்ட? தனபாக்கியம் வண்டி அடுத்த மாசம் மறுபடி பாக்கணும்."

காபி கொண்டுவந்து இஸ்மாயிலுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. சமையலறையில் இருக்கிறது என்றாள். நானே போய் ஊற்றிக்கொண்டேன். சூடு ஆறியிருந்தது. திரும்பி வந்தபோது ஷெட்டுக் கதவில் ஒரு புதுப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி எங்கே என்று நான் கேட்கவில்லை.